முப்பது விநாடிச் சந்தை

மாலை ஏழு மணிக்குப் பின்னர் முகத்துவாரத்து அளுத்மாவத்தை வீதியிலிருந்து பிரியும் ஏதேனும் ஓர் ஒழுங்கையில் நுழைந்து நடந்து பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள். வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நாடகம் ஓடும்போது ஒரு வீட்டு உரையாடல் மறு வீட்டுக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. ஆனால், நாடகம் இடையில் நின்று நாளைய நாடகத்தின் முன்னோட்டம் தொடங்கியதும் ஒழுங்கை முழுவதும் ஒரே இடி இடிக்கிறது. பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்திலிருந்து தலை நிமிர்கிறது. அடுப்படியில் நின்ற தாய் அகப்பையும் கையுமாக முன்னறைக்கு வருகிறாள். துறைமுகத்தில் பகலெல்லாம் சுமை தூக்கிவிட்டுக் கண்ணயர்ந்த தகப்பன் திடுக்கிட்டு விழிக்கிறான். முப்பது விநாடி கழிகிறது. பிள்ளை மீண்டும் புத்தகத்தைப் பார்க்கிறது. எந்த வரியில் விட்டது என்பது அதற்கு நினைவில்லை.

அந்த முப்பது விநாடியில் அவ்வீடுகளில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது அற்ப விஷயம் அன்றோ, விலைவாசியும் வேலையின்மையும் மக்களை வாட்டும் காலத்தில் தொலைக்காட்சி முன்னோட்டத்தைப் பற்றி எழுதிச் சஞ்சிகையின் பக்கங்களை வீணாக்கலாமோ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1960களில் இந்நாட்டு முற்போக்கு எழுத்தாளர்கள் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் தடையற்ற இறக்குமதியை எதிர்த்துக் குரல் எழுப்பியபோதும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. மக்கள் பொழுதுபோக்காக எதைப் படிக்கிறார்களோ அதுவே அவர்கள் உலகைப் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது என்பதை அன்று அவர்கள் அறிந்திருந்தனர். 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தன. பின்னர் கேபிள் வழியாகவும் வானத்துச் செய்மதி வழியாகவும் தமிழகத்து நிலையங்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. அன்று கப்பலில் வந்த கட்டு இன்று காற்றில் வருகிறது, அவ்வளவே வேறுபாடு. ஒரு நாடகத்தை நாளுக்கு ஒரு முறை பார்ப்பவர் அதன் முன்னோட்டத்தைப் பல முறை பார்க்கிறார். ஆகவே, நம் மக்கள் மிகுதியாகப் பார்க்கும் ‘கலைப் படைப்பு’ நாடகமும் அன்று, திரைப்படமும் அன்று, முன்னோட்டமே. அதனை ஆராயாமல் விடுவது எப்படிப் பொருந்தும்?

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ட்ரெய்லர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். 1910களில் அமெரிக்கப் படமாளிகைகளில் படம் முடிந்த பின்னர், அடுத்து வரவிருக்கும் காட்சியைப் பற்றிய விளம்பரத் துண்டு காட்டப்பட்டது. பின்னர் அது முன்னுக்கு நகர்ந்தது. பெயர் மட்டும் மாறாது நின்றுவிட்டது. திரைப்பட முன்னோட்டம் ஒரு முறை நுழைவுச்சீட்டு வாங்கச் செய்வதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். தொலைக்காட்சி முன்னோட்டத்தின் வேலையோ அத்தகையது அன்று. அது விற்பது நாளைய மாலையை. நாளை இரவு எட்டு மணிக்கு நீங்கள் பெட்டியின் முன் இருப்பீர்கள் என்ற உறுதியைச் சவர்க்கார வியாபாரிக்கும் பால்மா வியாபாரிக்கும் நிலையம் விற்கிறது. அந்த உறுதியை உங்களிடமிருந்து பறிப்பதற்கு அனுப்பப்படும் தரகனே முன்னோட்டம். கனடாவில் கற்பித்த டலஸ் ஸ்மித் என்ற அறிஞர், வணிக ஊடகங்கள் உற்பத்தி செய்து விற்கும் பண்டம் நிகழ்ச்சி அன்று, பார்வையாளரே என்று 1977இல் எழுதினார். உழைத்துக் களைத்தவனின் ஓய்வு நேரமும் சந்தைக்கு வந்துவிட்டது என்பதே அதன் சாரம்.

அந்தத் தரகன் தன் வேலையை எவ்வாறு செய்கிறான்? அவனிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று வெட்டு, மற்றது ஒலி.

வெட்டின் வல்லமையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் புரட்சி ருஷ்யாவின் கலைஞர்கள் முக்கியமானவர்கள். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜூகின் என்னும் நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதே முகத்தை ஒரு கோப்பை சூப்புக்கும், சவப்பெட்டிக்கும், விளையாடும் சிறுமிக்கும் அருகே ஒட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் பசியையும் துயரையும் கனிவையும் கண்டு நடிகரின் திறமையை வியந்தார்களாம். அவரது மாணவர் புடோவ்கின் இதனை விவரித்து எழுதியிருக்கிறார். முகம் மாறவில்லை, பக்கத்துப் படம் மாறியது. பொருள் படத்தில் இல்லை, இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள ஒட்டில் இருக்கிறது என்பதே அதன் பாடம்.

இன்றைய முன்னோட்டம் இப்பாடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. மாமியார் ஏதோ சொல்கிறாள். மருமகளின் முகம் அதிர்கிறது. அதே முகம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சற்று நெருக்கமாக. கணவன் திரும்பிப் பார்க்கிறான். கதவு திறக்கிறது. கறுப்புத் திரை. மறுநாள் நாடகத்தைப் பாருங்கள்: மாமியார் சொன்னது ஒரு காட்சியில், மருமகள் அதிர்ந்தது வேறொரு காட்சியில், கதவைத் திறந்து வந்தவர் பால்காரர். நம் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து சட்டங்கள் ஓடுகின்றன. பன்னிரண்டு சட்டம் என்றால் ஏறத்தாழ அரை விநாடி. அரை விநாடிக்கொரு வெட்டு விழும்போது இந்த முகம் எந்தக் காட்சியினது என்று கேட்பதற்கு மனத்துக்கு அவகாசமில்லை. இடையிடையே சில சட்டங்கள் கறுப்பாக விடப்படும். கண் இமைக்கும் நேரம்போன்ற அந்த இருளில், பார்ப்பவரே விடுபட்டதைக் கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறார். பொய்யை நிலையம் சொல்லவில்லை. நம்மைக் கொண்டே சொல்விக்கிறது.

உண்மை வாழ்க்கையைக் காட்டுவதாகக் கூறும் நிகழ்ச்சிகளில் இவ்வித்தை இன்னும் ஒரு படி ஏறுகிறது. 2017 ஜூன் மாதம் தமிழில் தொடங்கிய ‘பிக் பாஸ்’ போன்ற நிகழ்ச்சிகளுக்கு ஒரே நாளில் பல முன்னோட்டங்கள் வெளியிடப்படுகின்றன. அவை கைத்தொலைபேசி வழியே பாடசாலை வாசல் வரை வந்து சேர்கின்றன. நாள் முழுவதும் பதிவானது ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கி, அந்த ஒரு மணி நேரம் அரை நிமிடத்துக்குச் சுருங்கும்போது, கோபம் எஞ்சுகிறது. கோபத்தின் காரணம் கழிந்துபோகிறது.

இனி ஒலியைப் பார்ப்போம். கண்ணை மூடலாம், காதை மூட இமையில்லை. தரகன் இதை நன்கு அறிவான். அடுப்படியில் நிற்பவளைப் படத்தால் அழைக்க முடியாது, ஒலியால் அழைக்கலாம். எதிர்பாராத ஓசை கேட்டதும் உயிரினம் தன் வேலையை விட்டுத் தலை திருப்பும் இயல்பை ருஷ்ய உடலியல் மேதை பவ்லோவ் ஆராய்ந்து, ‘இது என்ன?’ என்னும் அனிச்சைச் செயல் என்று பெயரிட்டார். காட்டில் புலியிடமிருந்து உயிர் காத்த இந்த இயல்பைத்தான் சவர்க்காரம் விற்பதற்கு இன்று பயன்படுத்துகிறார்கள். முன்னோட்டத்தின் முதல் அடியாகிய அந்த ‘தடால்’ ஓசை எந்த வாத்தியத்தினதும் அன்று. ஆழ்ந்த முழக்கம் ஒன்றின்மேல் இரும்பு மோதும் ஓசையையும் காற்றுக் கிழியும் ஓசையையும் அடுக்கிச் செய்த கலவை அது. முழக்கம் மட்டும் இருந்தால் சிறு பெட்டியின் ஒலிபெருக்கி அதனைத் தாங்காது. இரும்போசை சேர்ந்தால் பழைய பெட்டியிலும் அடி விழும்.

அடுத்தது ஏறுமுக ஓசை. தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே மேலே ஏறும் ஒரு நாதம். ஏறுவது எங்கேனும் இறங்கவேண்டும் என்பது நம் செவியின் எதிர்பார்ப்பு. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட், முடிவேயின்றி ஏறிக்கொண்டிருப்பதாகத் தோன்றும் ஓர் ஒலி மயக்கத்தை 1964இல் செய்து காட்டினார். திரைப்பட இசையமைப்பாளர் இதனைப் பதற்றம் உண்டாக்கப் பயன்படுத்துகின்றனர். முன்னோட்டத்தில் அந்த ஏற்றம் உச்சிக்கு அருகே சென்று திடீரென அறுந்துபோகிறது. மௌனம். அந்த மௌனத்தில் ஒரே ஒரு சொல், எதிரொலியோடு: ‘நீயா?’ பின்னர் கடைசி அடி, நேரமும் நாளும். பேசுபவரின் முகம் தோன்றும் முன்னரே அவர் குரலை ஒலிக்கவிடுவதும், வெட்டுக்களைத் தாள அடிகளில் சரியாக விழச் செய்வதும் இத்தொழிலின் பாலபாடங்கள். தாளத்தில் விழும் வெட்டு நியாயமான வெட்டாகத் தோன்றும். காரணகாரியம் இல்லாத இடத்தில் தாளம் காரணத்தின் வேடம் போட்டுக்கொள்கிறது.

முடிக்காமல் விடுவதும் கணக்கறிந்த செயலே. 1927இல் புளூமா ஸைகார்னிக் என்ற அம்மையார், முடித்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலை மனத்தில் மிகுதியாகத் தங்குகிறது என்று தம் சோதனைகளின் முடிவாக எழுதினார். பின்வந்த ஆய்வாளர் பலருக்கு அதே முடிவு கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் வியாபாரி ஆய்வு முடிவுக்குக் காத்திருப்பதில்லை. பாதியில் அறுத்தால் மறுநாள் வருவார்கள் என்பதை அவன் கல்லாப்பெட்டியில் கண்டறிந்திருக்கிறான்.

ஒலியின் மட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரமும் முன்னோட்டமும் நாடகத்தைவிட உரக்கக் கேட்கின்றன என்று சொல்லும் இல்லத்தரசியைப் பார்த்து, அது உன் மனப்பிரமை என்று சொல்லும் படித்தவர்கள் உண்டு. அவள் சொல்வதே சரி. நாடகத்தில் முணுமுணுப்பும் உண்டு, அலறலும் உண்டு. முன்னோட்டத்தில் மெல்லிய ஒலிகளையெல்லாம் உயர்த்தி, உச்ச ஒலிகளைச் சற்று அமுக்கி, முழுவதையும் ஒரே உயரத்தில் நிறுத்துகிறார்கள். உச்ச அளவை மட்டும் காட்டும் கருவி இரண்டையும் ஒன்றென்றே காட்டும். செவிக்கோ பின்னது பன்மடங்கு உரத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010இல் இந்த மோசடிக்கு முடிவுகட்ட ஒரு நியமம் வகுத்தது. உச்சத்தை அல்ல, செவி உணரும் சராசரி உரப்பையே அளக்கவேண்டும். நிகழ்ச்சியும் விளம்பரமும் முன்னோட்டமும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்றது. அமெரிக்காவிலும் விளம்பரங்களின் உரப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2012இல் நடைமுறைக்கு வந்தது. முதலாளித்துவ நாடுகளின் சட்டமன்றங்களே ஏற்றுக்கொண்ட இந்த உண்மையை, முகத்துவாரத்து ஒழுங்கையில் வாழும் ஒரு தாய் தன் காதால் முன்னரே அறிந்திருந்தாள்.

இங்கே நண்பர்கள் ஒரு தடை எழுப்பலாம். ‘நீங்கள் உத்தியையே வெறுக்கிறீர்கள்; வெட்டும் ஒலியும் இல்லாமல் கலை ஏது?’ என்பர். இல்லை. உத்தியை நாம் வெறுக்கவில்லை. 1925இல் வெளிவந்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் ஐசன்ஸ்டீன், உறங்கும் கற்சிங்கம், விழிக்கும் கற்சிங்கம், எழுந்த கற்சிங்கம் என மூன்று சிலைகளை அடுத்தடுத்து ஒட்டினார். கல் எழுந்து நின்றது. அதுவும் வெட்டுத்தான். ஆனால் அந்தச் சிங்கம் எழுவதற்குக் காரணம் இருந்தது. புழுத்த இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகளும், படிக்கட்டில் சுடப்பட்ட மக்களும் அந்த வெட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். 1928இல் ஐசன்ஸ்டீனும் புடோவ்கினும் அலெக்ஸாந்த்ரோவும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டனர். திரைக்கு ஒலி வரப்போகிறது. படத்தோடு ஒலியை வெறுமனே ஒட்டி ஆர்வத்தைக் காசாக்கும் வழியிலேயே அது முதலில் பயன்படும். ஒலி படத்துக்கு எதிர்நின்று வாதிடவேண்டும், அப்போதே சிந்தனை பிறக்கும் என்பது அதன் கருத்து. அவர்களின் அச்சம் எத்துணை தீர்க்கமானது என்பதற்கு நம் முன்னறையே சாட்சி. மக்களைச் சிந்திக்கச் செய்வதற்கென ஆய்ந்து கண்ட கருவி, மக்களைச் சிந்திக்கவிடாது செய்வதற்குக் களவாடப்பட்டிருக்கிறது.

நம் மண்ணிலும் இக்கலைக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. 1970களில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்கள் நடத்திய திரைப்பட விளம்பர நிகழ்ச்சிகளைப் பற்றி நம் மூத்தோர் இன்றும் சுவையோடு பேசுகின்றனர். அறிவிப்பாளர் ஒரு கேள்வி கேட்பார். படத்தின் வசனத் துண்டு பதில் சொல்லும். அதுவும் வெட்டி ஒட்டிய ஒலிதான், விளம்பரந்தான். ஆயினும் அங்கே ஒருவர் நம்மோடு பேசினார். தாம் விளையாடுவதை மறைக்காமல் விளையாடினார். கேட்டவர்கள் அந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு சிரித்தனர். வித்தை தெரிந்த விளையாட்டு வேறு, வித்தையை ஒளிக்கும் வஞ்சம் வேறு.

இன்னும் பின்னே செல்வோம். சிலப்பதிகாரத்தின் பதிகம் என்ன செய்கிறது? கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி மதுரையை எரித்ததையும் நூல் தொடங்கும் முன்னரே சொல்லிவிடுகிறது. முடிவு தெரிந்த பின்னரும் தமிழ் மக்கள் அக்காவியத்தைக் கேட்டார்கள். என்ன நடந்தது என்பதற்காக அன்று, ஏன் நடந்தது என்பதற்காகக் கேட்டார்கள். நம் கூத்தில் கட்டியகாரன் வருகிறான். வரப்போகும் மன்னன் யார், எத்தகையவன் என்பதை ஒளிவின்றி முழங்குகிறான். களரியைச் சுற்றி அமர்ந்திருப்போர் அனைவரும் கதையை அறிந்தவர்கள். ஆகவே அவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் நியாய அநியாயத்தையும் நிறுத்துப் பார்க்க வல்லவராயினர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன் கூறினார். அழுகைக்கு அவர் சொன்ன காரணங்களுள் இழவும் வறுமையும் அடங்கும். நிலைக்களன் இல்லாத மெய்ப்பாடு நம் இலக்கணத்தில் இல்லை. முன்னோட்டத்திலோ அழுகை உண்டு, வறுமை இல்லை. வெகுளி உண்டு, கொடுமை இல்லை. அச்சம் உண்டு, அஞ்சத்தக்கது எதுவுமில்லை. காரணத்தை அறுத்தெறிந்து உணர்ச்சியை மட்டும் பொட்டலம் கட்டி விற்பதே இப்புதிய கவியியல்.

இதனால் விளையும் தீங்கு பொழுது வீணாவது மட்டுமானால் நாம் இவ்வளவு தூரம் எழுதியிரோம். நம் வகுப்பறையில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம்.

சில காலத்துக்கு முன் நம் மாணவர் சிலர் கைத்தொலைபேசியில் ஒரு சிறு படத்தைத் தயாரித்துத் தமக்குள் பரப்பினர். அதில் நம் குரல் கேட்கிறது: ‘பரீட்சையில் யாரைப் பார்த்து எழுதினாய்?’ அடுத்து ஒரு மாணவனின் முகம். அவன் வாய் திறக்கவில்லை. கண்ணைத் தாழ்த்துகிறான். அதே முகம் மூன்று முறை நெருங்குகிறது. ஒவ்வொரு முறையும் இடி. பின்னர் வகுப்பின் சிரிப்பு. அதனை முதன்முதல் பார்த்தபோது நாமும் சிரித்தோம், மறைப்பதில் பயனில்லை. பின்னரே நினைவு வந்தது. அந்தக் கேள்வியை நாம் கேட்டது வேறொருவனிடம், விளையாட்டாக. அந்த முகத்துக்கு உரிய கேள்வி வேறு: ‘ஏன் இரண்டு நாள் வரவில்லை?’ தகப்பனுக்கு வேலை கிடைக்காத வாரம் அது. பஸ்ஸுக்குக் காசில்லை என்று வகுப்பின் நடுவே சொல்ல முடியாமல் அவன் தலை குனிந்து நின்றான். வறுமையின் மௌனம் வெட்டி எடுக்கப்பட்டு, களவின் மௌனமாக ஒட்டப்பட்டது. மொஸ்ஜூகின் முகத்துக்கு நேர்ந்தது நம் மாணவனுக்கு நேர்ந்தது. மொஸ்ஜூகின் நடிகர், இவன் நடிக்கவில்லை. அடுத்த ஒரு வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

அதைத் தயாரித்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். ‘பகிடிக்குச் செய்தோம் சேர், புரோமோ மாதிரி’ என்றார்கள். அந்த விடையில் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாம் வருடக்கணக்காக இலக்கணமும் கட்டுரையும் கற்பித்திருக்கிறோம். ஆனால் அவர்கள் சரளமாக எழுதக் கற்றிருப்பது முன்னோட்டத்தின் இலக்கணத்தை. அதை எழுதத் தெரிந்தவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்க நாம் கற்பிக்கவில்லை.

அதன் பின்னர் வகுப்பில் ஒரு பயிற்சி செய்தோம். ஒரு நாடக முன்னோட்டத்தை ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுக் காட்டினோம். முதலில் அமைதி; பின்னர் சிரிப்பு. ஒலி இல்லாத அதிர்ச்சி முகங்கள் பல்வலிக்காரரைப் போல் இருப்பதாக ஒரு மாணவி சொன்னாள். அடுத்து, திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்தோம். யுத்தப் படம் என்றான் ஒருவன். பேய்ப் படம் என்றாள் ஒருத்தி. உண்மையில் அது ஒரு நிச்சயதார்த்தம். மூன்றாவதாக, வெட்டு விழுந்தபோதெல்லாம் தாளில் ஒரு கோடு போடச் சொன்னோம். கணக்கு ஆளுக்காள் வேறுபட்டது. ஆனால் கோடு போட்ட எவருக்கும் கதை என்ன என்று சொல்லத் தெரியவில்லை. எண்ணத் தொடங்கியவனை மயக்க முடியவில்லை. இறுதியாக, மறுநாள் நாடகத்தைப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதி வரச் சொன்னோம். அந்தத் தாள்களைத் திருத்திய இரவு நமக்கு மகிழ்ச்சியான இரவு. வகுப்புக்கு மீண்டும் வந்திருந்த அந்த மாணவனின் தாளே எல்லாவற்றிலும் நீண்டது. படத்தைத் தயாரித்தவர்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டனர். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று நாம் ஊகிக்கத் துணியவில்லை.

‘மக்கள் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம்’ என்பது நிலையங்களின் நெடுநாள் வாதம். விரும்பித்தான் பார்க்கிறார்கள் என்றால் தலைக்குள் இடி இடித்து அழைப்பானேன்? பசித்தவனை உண்ண அழைக்க முரசு வேண்டியதில்லை. 1999இல் ‘சித்தி’யும் 2002இல் ‘மெட்டி ஒலி’யும் தொடங்கியபோது நம் பெண்கள் அவற்றில் தம் வீட்டுத் துயரங்களின் ஒரு சாயலையேனும் கண்டார்கள். அந்தச் சாயலுக்கான தாகமே அவர்களைப் பெட்டியின் முன் அமர்த்தியது; அமர்த்துகிறது. அத்தாகம் மதிக்கத்தக்கது. முன்னோட்டம் செய்வதோ அத்தாகத்தைத் தணிப்பதன்று. நாளை வரை நீட்டிப்பது.

மறுபுறத்தில், ‘நாங்கள் அந்தக் குப்பையைப் பார்ப்பதேயில்லை’ என்று பெருமை பேசும் நம் இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு சொல். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, ஆடைத் தொழிற்சாலையில் பகலெல்லாம் நின்று, இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்தப் பெட்டி ஒன்றே ஓய்வு. அவளை ஏளனம் செய்வது முற்போக்கு ஆகாது. அவளிடமிருந்து எதைத் திருடுகிறார்கள் என்பதை அவளோடு இருந்து காட்டுவதே முற்போக்கு. ‘குப்பை’ என்று மூக்கைப் பொத்துபவன் குப்பைக்காரனுக்கே உதவி செய்கிறான்.

ஆகவே செய்யவேண்டியவை யாவை? முதலாவது, கேட்கவேண்டிய கேள்வியை உரத்துக் கேட்போம். நம் நிலையங்களின் முன்னோட்டங்களும் விளம்பரங்களும் எந்த உரப்பு மட்டத்தில் ஒலிபரப்பாகின்றன? யார் அளக்கிறார்கள்? அளந்ததை ஏன் மக்கள் முன் வைக்கக்கூடாது? மக்கள் பணத்தில் நடக்கும் நிலையங்கள் இதில் முன்மாதிரி காட்டவேண்டும் என்று கோருவது நம் உரிமை. இரண்டாவது, நாடகமும் அரங்கியலும், ஊடகக் கற்கை, தமிழ் ஆகிய பாடங்களைக் கற்பிப்போர் வெட்டையும் ஒலியையும் வகுப்பறைக்குக் கொண்டுவரவேண்டும். எதுகை மோனையை இனங்காணும் பிள்ளைக்கு ஏறுமுக ஓசையை இனங்காணுவது கடினமன்று. அணியிலக்கணம் படிப்பவன் ஒட்டின் அணியையும் படிக்கட்டும். மூன்றாவது, இக்கருவிகளை நம் கைக்கு மீட்கவேண்டும். இந்நாட்டில் 1975இல் மலையகத் தொழிலாளர் வாழ்வைப் பற்றிய ‘புதிய காற்று’ வந்தது. 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ வந்தது. குறைகள் இருப்பினும் அவை நம் மண்ணின் முகங்கள். இன்று நம் மாணவர் கையிலுள்ள தொலைபேசியில் அன்றைய தயாரிப்பாளர் கனவிலும் காணாத வசதிகள் உண்டு. காக்கைத்தீவுக் கரையில் வலை இழுப்போரையும் துறைமுக வாசலில் வேலைக்குக் காத்து நிற்போரையும் அவர்கள் படம் பிடிக்கட்டும், வெட்டட்டும், ஒட்டட்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும், ‘ஏன்?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக ஒட்டட்டும்.

இன்றிரவும் ஏழு மணிக்குப் பின்னர் நம் ஒழுங்கையில் அந்த இடி இடிக்கும். பெட்டியை உடைக்கும்படி நாம் சொல்லவில்லை. முன்னோட்டம் தொடங்கியதும் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: ‘இந்த முகம் உண்மையில் எதைப் பார்த்து அதிர்ந்தது?’ பிள்ளை விடை தேடத் தொடங்கும். அப்படித் தேடிப் பழகிய பிள்ளை நாளை அரசியல் மேடையின் வெட்டையும் செய்தித் திரையின் ஒட்டையும் அதே கேள்வியோடு பார்க்கும். சந்தைக்காரர்கள் அஞ்சவேண்டியது அந்தக் கேள்விக்கே. ஆசிரியர்களாகிய நாம் செய்யவேண்டியது அதனை வளர்ப்பதே.